ஆளில்லாத ஊரில் உருண்டைக் குழம்பு

எலிகள் செத்து விழ ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் நாங்கள் ஊரைக் காலி செய்தோம். கல்யாணமாகி நான் அந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பாலக்கோட்டுச் சந்தைக்கு மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம். நாற்பது வீடு இருக்கும். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு ஓரிரண்டு வருஷம் முந்தி. பிளேக் வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் கொட்டாய் போட்டுத் தங்கிவிட வேண்டும், எலிச் சாவு நின்று வெயில் ஏறிய பிறகுதான் திரும்ப வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பழகிய காரியம். எனக்குத்தான் அது புதிது. நான் பிறந்த ஊரில் அந்த நோய் வந்ததில்லை.

முதல் சாவு எங்கள் பக்கத்து வீட்டில். ஐந்து வயதுப் பெண் குழந்தை. காலையில் புழக்கடையில் விளையாடிக்கொண்டிருந்தது. மத்தியானம் காய்ச்சல் கண்டது. மறுநாள் அக்குளில் நெறி கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டது. அதன் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். குழந்தையை எடுத்துக்கொண்டு போனபோது அவள் அழவில்லை. வாசலில் நின்றுகொண்டு, வந்தவர் ஒவ்வொருவரிடமும் "பாப்பா இன்னும் சாப்புடல" என்று சொன்னாள். கேட்டவர்கள்தான் அழுதார்கள். இரண்டு நாள் கழித்து அவளுடைய அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்து அவளை அழைத்துப் போனான். அவள் புருஷன் புளியும் கடலையும் வண்டியில் ஏற்றிப் பெங்களூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவர். அவர் எங்களோடு காட்டுக்கு வந்து தனியாக ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டார்.

நாங்கள் கிளம்புகிற அன்று என் மாமனாருக்கும் காய்ச்சல். சுகாதார ஆட்கள் வந்து எங்கள் கதவில் காவியால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கதவில் போட்ட அதே குறி. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்டாய்க்குள் வைத்தோம். ஆனால் நெறி கட்டவில்லை. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. விட்டதோடு சாப்பாடும் விட்டுப்போனது. களியைக் கரைத்துக் கொடுத்தால் வாயிலேயே வைத்திருந்து துப்புவார். சோறு இறங்கவில்லை. பல் ஒன்றுகூட இல்லாத மனுஷர். முழங்கை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. என் புருஷன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, என்ன வேண்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்.

ஒருநாள் காலையில் மாமனார் தாமாகவே என்னைக் கூப்பிட்டார்.

"பக்கத்து வூட்டுப் புள்ள கொண்டாந்து குடுக்குமே, உருண்டக் கொழம்பு. அது இருந்தா ரெண்டு வாய் சாப்புடுவேன் கண்ணு."

அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆட்டுக்கறியைக் கொத்தி, அரைத்து, உருட்டி, சீமைத் தக்காளியைக் கரைத்த குழம்பில் போட்டு வேக வைப்பாள் அக்கா. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சீமைத் தக்காளியைத் தொட மாட்டேன் என்கிறவர்கள் இருந்தார்கள். அறுத்தால் உள்ளே ரத்தமும் சதையுமாகத் தெரிகிறது என்பார்கள். அவள் புருஷன் பெங்களூரிலிருந்து விதை கொண்டுவந்து கொடுத்தார். அவள் புழக்கடையில் போட்டாள், எங்களுக்கும் நாற்றுக் கொடுத்தாள். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நடுச்சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் வரும். உருண்டையை விரலால் தொட்டால் போதும், விண்டுவிடும். பல் வேண்டியதில்லை. மாமனாருக்காகவே அதை அனுப்புவாள்.

அடுத்த சந்தையன்று என் புருஷன் அரை வீசை கறி வாங்கிவந்தார். கொட்டாயில் அம்மி கிடையாது. ஒரு பாறை மேல் வைத்து, கல்லால் நசுக்கி, முடிந்த மட்டும் உருட்டி, புளிக்குழம்பில் போட்டேன். பாதி கரைந்து குழம்போடு போயிற்று. மீதி கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. மாமனார் ஒன்றை வாயில் வைத்து வெகுநேரம் உருட்டினார். பிறகு எடுத்துக் கட்டிலின் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, பரவாயில்லை என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த சந்தையில் மறுபடியும் கறி வந்தது. அதை அரிவாள்மனையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு ஏனத்தில் போட்டு மூடினேன். ஊருக்குப் போய் எங்கள் அம்மியிலேயே அரைப்பது, காற்றுக்கு அடுப்பு நிற்காத இந்தக் கொட்டாயில் கஷ்டப்படாமல் அங்கேயே சமைத்து எடுத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குள் போகக்கூடாது என்று உத்தரவு. வழியில் புளியமரத்தடியில் தலையாரி காவல் இருப்பார், உச்சிப்பொழுதில் மட்டும் சாப்பிடப் போவார். என் புருஷன் மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கப் போயிருந்தார். எண்ணெய், மசாலா, தீப்பெட்டி எல்லாம் ஒரு கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, குன்று மாதிரி நிற்கிற கரட்டைச் சுற்றி ஒன்றரை மைல் நடந்தேன்.

ஆளில்லாத ஊரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பகல் வெளிச்சம் அத்தனை பளிச்சென்று இருந்தது, ஆனால் என் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நாய்கள் எங்களோடு காட்டுக்கு வந்துவிட்டன. சோறு போட ஆளில்லாததால் காக்கைகள்கூட இல்லை. தெரு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. கதவுக்குக் கதவு பூட்டு. எங்கள் கதவில் காவிக்குறி மழையில் ஒழுகி, நிலைப்படி வரைக்கும் இறங்கி வந்திருந்தது. நான் முன்பக்கம் திறக்கவில்லை. சந்து வழியாகப் போய்ப் படலைத் தள்ளிக்கொண்டு புழக்கடைக்குள் போனேன்.

அங்கே தக்காளி பழுத்துக் கிடந்தது. பறிக்க ஆளில்லாமல் செடிகள் தரையெல்லாம் படர்ந்து, கிணற்றடி, துவைகல், சாணிக்குழி எங்கே பார்த்தாலும் சிவப்பு. பழுத்து வெடித்தவை, அழுகி ஒழுகியவை, அன்று பழுத்தவை. அந்தச் செடிகள் அத்தனை காய்த்து நான் பார்த்ததில்லை. காலை எடுத்து வைக்க இடமில்லாமல் நான்கைந்தை மிதித்துவிட்டேன். பாதம் பிசுபிசுத்தது.

அம்மி நடுச்சுவரை ஒட்டி இருந்தது. ஆள் உயர மண்சுவர். அதற்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுப் புழக்கடை. கூடையை இறக்கிவிட்டு அம்மியைத் துடைக்கக் கையை வைத்தேன். கல் ஈரமாக இருந்தது. மஞ்சளும் மிளகாயும் அரைத்து, கழுவியும் கழுவாமலும் விட்ட ஈரம். முகர்ந்து பார்த்தேன். அன்று அரைத்த வாசனை.

திரும்பிப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. தலையாரி அரைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு எங்கள் அம்மி எதற்கு என்று யோசிக்கவில்லை. கட்டில் சட்டத்தின் மேல் இருந்த அந்த உருண்டைதான் கண்ணுக்குள் நின்றது. கிணற்றில் தண்ணீர் சேந்தி அம்மியை இரண்டு தடவை கழுவிவிட்டு, சோம்பும் கசகசாவும் தேங்காயும் வைத்து அரைத்து வழித்தேன். அப்புறம் கறியை வைத்து அரைக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்மி ஓடுகிற சத்தம் கேட்டது.

குழவியை நிறுத்தினேன். அதுவும் நின்றது. என் அம்மியின் எதிரொலிதான் சுவரில் பட்டு வருகிறது என்று நினைத்து மறுபடியும் அரைத்தேன். மறுபடியும் வந்தது. ஆனால் எதிரொலி என்றால் என் கையோடு போக வேண்டும். இது எனக்கு அரை இழுப்புப் பின்தங்கி, நிதானமாக, வேறு ஒரு கையின் வேகத்தில் ஓடியது. நான் நிறுத்தினேன். அது இன்னும் இரண்டு இழுப்பு ஓடிவிட்டு நின்றது.

சத்தம் காட்டாமல் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். கை என்னவோ குழவியைப் பிடித்தபடியே இருந்தது. பயத்தில் மறுபடியும் அரைத்தேன், முன்னைவிட வேகமாக, முன்னைவிட அழுத்தி.

"அப்படி அழுத்தி அரைக்காத புள்ள."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அக்காவின் குரல்.

என் வாயிலிருந்து அக்கா என்று வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. குரல் தொடர்ந்து பேசியது. அதட்டவும் இல்லை, அன்பாகவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுகிற மாதிரி. கல்லைச் சும்மா உருட்டிவிட்டால் போதும், அழுத்தினால் கறி பசையாகி வெந்ததும் ரப்பராகிவிடும் என்றது. வெங்காயத்தை அரைக்காதே, பொடியாக நறுக்கிச் சேர் என்றது. கொஞ்சம் களி இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். அப்படி நான் பதில் சொன்னது எனக்கே விநோதமாக இருந்தது. சுவர் மேல் பார் என்றது குரல்.

சுவரின் மேல் ஒரு ஆமணக்கு இலை இருந்தது. அதன் மேல் எலுமிச்சங்காய் அளவு கேழ்வரகுக் களி. அதை வைத்த கையை நான் பார்க்கவில்லை. தொட்டேன். சூடாக இருந்தது.

அதைக் கறியோடு பிசையச் சொன்னது குரல். மிருதுவுக்கு அதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள், கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி, இறுக்காதே என்றது. நான் உருட்டினேன். பதினாறு உருண்டை வந்தது. வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தேன். கீழே கிடந்த தக்காளியில் நல்லதாகப் பொறுக்கி, சட்டியில் வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் கையாலேயே பிசைந்து விட்டேன். எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறு, அப்புறம் தண்ணீர் விடு, கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு ஓரமாக ஒவ்வொன்றாக இறக்கு, கரண்டி போடாதே, துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்துச் சுழற்றிவிடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அந்தக் குரல் சொல்லச் சொல்ல என் கை செய்தது. ஒரு கட்டத்தில் பயம்கூட இல்லை. குழம்பு கொதிக்கிற சத்தமும் அந்தக் குரலும்தான் இருந்தன.

இறக்கி வைத்ததும் குரல் கேட்டது.

"பாப்பாவுக்கு மூணு வை."

கூடையில் இருந்த கிண்ணத்தில் மூன்று உருண்டையும் கொஞ்சம் குழம்பும் ஊற்றி, கையை மட்டும் உயர்த்திச் சுவர் மேல் வைத்தேன். அடுப்பைத் தணித்து, சாமான்களைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கிண்ணம் இல்லை. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

மாமனார் அன்று ஒரு உருண்டையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். அப்புறம் இன்னொன்று கேட்டார். மூன்றாவதையும் சாப்பிட்டுவிட்டுக் கையை நக்கிக்கொண்டே, அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, நான்தான் செய்தேன் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் அக்காவின் புருஷனிடம் போய், அக்கா போன ஊரிலிருந்து சேதி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பத்து நாளைக்கு முன்னால் மச்சான் ஆள் அனுப்பியதாகச் சொன்னார். அவள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று சேதி. இவர் கிளம்பிப் போயிருக்கிறார். ஊசி போட்ட சீட்டு இல்லை என்று தர்மபுரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. சொல்லி முடித்துவிட்டு முகத்தை மாட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன்.

அந்த வாரம் முழுக்க நான் காலையில் எழுந்ததும் அக்குளையும் தொடை இடுக்கையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் வராவிட்டாலும், அந்தக் களியின் சூடு விரலிலிருந்து போகவில்லை. செத்தவர்கள் கொடுத்ததை வாங்கினேன், பிசைந்தேன், மாமனாருக்கு ஊட்டினேன், நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். யாரிடம் சொல்வது? சொன்னால் மாமனாரின் வாயிலிருந்து அந்தச் சோற்றையும் பிடுங்கிவிடுவார்கள். அவர் இப்போது எழுந்து உட்காருகிறார். சந்தை நாள் எப்போது என்று மகனிடம் கேட்கிறார்.

சந்தை நாள் வந்தது. கறியும் வந்தது. நான் மறுபடியும் போனேன்.

இந்த முறை என் கிண்ணம் சுவர் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தது. பக்கத்தில் ஆறு தக்காளி, காம்போடு. அதற்குப் பக்கத்தில் இலையில் களி. நான் அம்மியின் முன்னால் உட்கார்ந்தேன். அரைக்க ஆரம்பிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. செத்தவர்களுக்கு மூச்சு உண்டா என்று எனக்குத் தெரியாது. எப்படியும் கேட்டுவிடுவது என்று வந்திருந்தேன்.

"அக்கா, நீங்க உசுரோடதான் இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் குழவியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அத நானில்ல உன்னக் கேக்கணும்," என்றது குரல். "உங்க கதவுல குறி போட்டிருக்குது. உங்க வூட்ல எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

மூலையில் கிடந்த உரலை உருட்டிக்கொண்டு வந்து கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறிப் பார்த்தேன்.

அக்கா சுவரை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சடையாகத் திரண்டிருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் புடைவை துவைத்தது, நெற்றியில் பொட்டும் இருந்தது. அவள் முன்னால் அம்மி. அதன் மேல் ஒன்றும் இல்லை, வெறும் கல். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையும், அதன் முன்னால் கழுவின வாழை இலைத் துண்டு ஒன்றும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருமே மற்றவளின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தோம். அவளுக்கு நிழல் இருந்தது. எனக்கும் இருந்திருக்க வேண்டும், அவள் தோள் தளர்ந்தது.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாளாம். தர்மபுரி ரோட்டை விட்டு விலகிக் காட்டுவழியாக நடந்தே வந்தாளாம். பின்பக்கமாக வீட்டுக்குள் போய்க் குதிரிலிருந்த கேழ்வரகை எடுத்துத் திரித்துச் சாப்பிட்டிருக்கிறாள். தக்காளி பறிக்க எங்கள் புழக்கடைக்கு வருகிறபோது மஞ்சளும் மிளகாயும் எங்கள் அம்மியிலேயே அரைத்துக்கொள்வாளாம். இவ்வளவையும் எனக்குப் பிடிபடுகிற மாதிரிதான் சொன்னாள். கிறுக்குப் பிடித்தவள் பேச்சாக இல்லை. காட்டுக்கு ஏன் வரவில்லை, உங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்று கேட்டேன். பாப்பா இங்கே இருக்கிறபோது நான் எப்படி வருவது என்றாள்.

நான் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளே மேலே பேசினாள்.

"அன்னிக்கு நீ வந்தியா, அவ ஓடி வந்து உன் பக்கத்துல ஒக்காந்துட்டா. கறிய எடுக்க அம்மி மேல கைய வெச்சா. நீ பாக்காம அழுத்தி அரைக்கிற. வெரலு நசுங்கிடுமேன்னுதான் உனக்குச் சத்தம் குடுத்தேன். இல்லாட்டி பேசியிருக்க மாட்டேன்."

நான் திரும்பி எங்கள் அம்மியைப் பார்த்தேன். கல்லும் குழவியும் நான் கொண்டுவந்த ஏனமும் இருந்தன. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று நான் சமைத்தேனா என்று கேட்டால், சமைத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் சொன்னபடியெல்லாம் செய்தேன். அழுத்தாமல் அரைத்தேன், ஒவ்வொரு இழுப்புக்கும் கல்லின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து அரைத்தேன். மூன்று உருண்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இந்த முறை சுவர் மேல் வைக்காமல், மறுபடியும் உரல் மேல் ஏறி அவளிடமே நேராக நீட்டினேன். அவள் எழுந்து வாங்கி இலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இப்போதே என்னோடு வாருங்கள் அக்கா என்றேன்.

"அவ சாப்புட்டு முடிக்கட்டும்," என்றாள்.

நான் உரலிலிருந்து இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுப் படலைத் தள்ளி உள்ளே போனேன். நூறு எண்ணுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள், இரண்டு கையும் மடியில். இலையில் ஒரு உருண்டைதான் இருந்தது. அதிலும் ஒரு ஓரம் குறைந்திருந்தது. அவளே சாப்பிட்டிருக்கலாம். அவள் வாயைப் பார்த்தேன், காய்ந்து வெடித்திருந்தது, விரலில் குழம்பு இல்லை. பூனையாக இருக்கலாம். எலி இருக்க முடியாது, ஊரில் ஒரு எலி மிச்சமில்லை. பூனையைப் பார்த்தேனா என்றால் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

எப்பவும் ஒன்று மீதி வைப்பாள் என்று அக்கா சொன்னாள். இலையை மடித்து எடுத்தாள்.

அவள் அன்று என்னோடு வரவில்லை. நான் ஓட்டமாகக் கொட்டாய்க்குப் போய், முதலில் என் புருஷனிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளுத்துப்போய், உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துக் கொட்டாய்க்குப் போனோம். அக்காவின் புருஷனிடம் என் புருஷன்தான் சொன்னார். அந்த மனுஷர் கேட்டுவிட்டு எழுந்தவர், தோளில் துண்டைக்கூடப் போடாமல் நடக்க ஆரம்பித்தார். வழிமறிக்க வந்த தலையாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அவள் புழக்கடையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். அவர் படலருகே நின்றுவிட்டார். அவளாகவே பார்த்தாள். மடியில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் துவைகல் மேல் வைத்தாள். பிறகு அவர் அருகில் வந்து, நீங்கள் இளைத்துவிட்டீர்கள் என்றாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தனை நாளில் அவர் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

வருகிறாயா என்று கேட்டார். பாப்பா என்றாள். அவளும் வரட்டும் என்றார் அவர். நாங்கள் நான்கு பேரும் ஊரை விட்டு நடந்தோம். கரடு திரும்புகிற வரைக்கும் அக்கா இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கித் தொங்கவிட்டு, மெதுவாக நடந்தாள். சின்னக் குழந்தையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போகிறவர்கள் நடக்கிற நடை. நான் அவளுக்கு இடப்பக்கம் நடக்காமல் என் புருஷனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

கொட்டாய்களில் இருந்தவர்கள் அவளை அண்டவிடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தள்ளி ஒரு தட்டியை மறைப்பாகக் கட்டி, புருஷனும் மனைவியும் பத்து நாள் அங்கே இருந்தார்கள். எங்களையும் அப்படியே ஒதுக்கி வைத்தார்கள். மாமனார் மட்டும், எனக்கு அவர்கள்தான் சோறு போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே தடியை ஊன்றி அவளைப் பார்த்துவிட்டு வந்தார். பத்து நாளும் யாருக்கும் நெறி கட்டவில்லை. பதினோராம் நாள் பெண்கள் போய் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சடையைப் பிரித்துவிட்டார்கள். பிரியாததை வெட்டினார்கள்.

மாசியில் எலிச் சாவு நின்றது. வீட்டுக்கு வீடு ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். தரையைக் கொத்தி, சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு மெழுகினோம். அக்காவின் வீட்டு ஓட்டைப் பிரித்தபோது நான் அவளோடு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். மேலே ஆட்கள் ஓடுகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் இறங்கியது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து வலிக்குமே என்றுகூட நினைத்தேன். அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாமனார் அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். யுத்த காலத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, கறி எடுப்பது அபூர்வம். எடுத்தால் உருண்டைக் குழம்பை நான்தான் செய்வேன். அவள் அதைச் செய்வதை விட்டுவிட்டாள். நான் ஒரு கிண்ணம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குப் போடுவாள்.

ஒரே ஒரு தடவை நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பேரும் சந்தைக்குத் தக்காளி பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதெல்லாம் ஊரில் நிறையப் பேர் அதைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பா இப்போதும் வருகிறாளா அக்கா என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஓடு பிரித்த அன்றைக்கு மேலே போனாள், அத்தோடு வரவில்லை என்றாள். மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைத்த ஒரு பெண் சொல்வது போல, கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் நிம்மதியுமாகச் சொன்னாள். பிறகு, அடியில் அழுகல் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிடு என்று என் கூடையைக் காட்டினாள். நான் எடுத்துப் போட்டேன்.